கேம்பஸுக்கு உள்ளே எத்தனை கேட்?

2017 மே மாதம் 12, 13 தேதிகளில் ஆந்திரக் காவல்துறையின் சில அலுவலகங்களில் கணினிகள் வேலைநிறுத்தம் செய்தன. திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு: கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, 300 டாலரை பிட்காயினாகக் கட்டினால் சாவி கிடைக்கும், தாமதித்தால் தொகை இரட்டிப்பாகும். பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்.

உலகமெங்கும் 150 நாடுகளுக்கு மேல் பரவிய அந்த நிரலின் பெயர் வான்னாக்ரை. அதன் விசேஷம், யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை என்பது. பக்கத்தில் ஒரு கணினி கிடைத்தால் போதும், தானே தாவிவிடும். எப்படி?

ஒரு கணினி ஒரே சமயத்தில் பல வேலைகளுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் போர்ட் என்று ஓர் எண் உண்டு. இணையப் பக்கங்களுக்கு 443. அலுவலகத்தில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு பகிர்வதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண் 445. அந்த 445-இல் வந்த கோரிக்கையைப் படிக்கும் நிரலில் ஒரு பிழை இருந்தது. குறிப்பிட்ட விதமாகத் திரித்த கோரிக்கையை அனுப்பினால், அனுப்பியவர் சொல்வதையெல்லாம் கணினி செய்யும். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை இந்தப் பிழையைக் கண்டுபிடித்து, வெளியில் சொல்லாமல் ஆயுதமாக வைத்திருந்தது. அது திருடப்பட்டு 2017 ஏப்ரலில் இணையத்தில் கொட்டப்பட்டது. மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. ஆக, மே மாதம் மாட்டிக்கொண்ட கணினிகள் பெரும்பாலும் இரண்டு மாதமாக அப்டேட் செய்யப்படாதவை. "பிறகு நினைவூட்டு" என்ற பொத்தானை அழுத்தாதவர் நம்மில் யார்?

இந்தத் தாக்குதலில் சீனாவின் பல்கலைக்கழகங்கள் பலமாக அடிவாங்கின. பட்டம் பெறும் பருவம். மாணவர்களின் ஆய்வேடுகள் பூட்டிக்கொண்டன. பொது இணைய நிறுவனங்கள் 445-ஐ ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தன, கல்வி வலையமைப்பில் மட்டும் அது திறந்திருந்தது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். இங்கேதான் நம் விஷயம் தொடங்குகிறது. பல்கலைக்கழகம் என்பது திறந்திருந்தால்தான் பல்கலைக்கழகம். வங்கியைப் போல அதைப் பூட்டி வைக்க முடியாது.

திருப்பதியையே பாருங்கள். மலையடிவாரத்தில் 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-இல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம், சமஸ்கிருதப் பல்கலைக்கழகம்; ஏர்ப்பேடு பக்கம் 2015-இல் பிறந்த ஐஐடியும் ஐசரும். லட்டுக்கும் மொட்டைக்கும் பெயர்போன ஊருக்குள் இத்தனை கல்வி நிறுவனங்கள் இருப்பதை நம் ஊர்ப் பக்தர்கள் பலர் கவனிப்பதே இல்லை. இப்படிப்பட்ட ஒரு வளாகத்தின் வலையில் யார் யார் இருப்பார்கள்? ஊரிலிருந்து தன் லேப்டாப்பைக் கொண்டுவந்த விடுதி மாணவர், சம்பளப் பட்டியல் போடும் நிதிப் பிரிவு, மதிப்பெண் வைத்திருக்கும் தேர்வுத் துறை, சிசிடிவி கேமராக்கள், இரண்டு நாள் கருத்தரங்குக்கு வந்த விருந்தினர், தானே ஒரு சர்வர் எழுதிப் பார்க்கும் கணினித் துறை மாணவி. வங்கி ஊழியரிடம் "சொந்த லேப்டாப் கூடாது" என்று சொல்லலாம். விடுதி மாணவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

வெளி வாசலில் ஃபயர்வால் நிற்கும். வெளியிலிருந்து 445 நோக்கி வருவதை அது மறித்துவிடும், நல்லது. ஆனால் மாணவர் விடுமுறையில் ஊருக்குப் போய், அங்கே கிருமி பிடித்த லேப்டாப்பைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார். அது ஃபயர்வாலைத் தாண்டி வரவில்லை, பஸ்ஸில் வந்து இறங்குகிறது. உள்ளே எல்லாம் ஒரே கூடமாக இருந்தால், விடுதி அறையிலிருந்து தேர்வுத் துறைக்கு ஒரே தாவல்.

திருமலையில் தரிசனத்துக்குப் போனவர்களுக்கு வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸ் தெரியும். வந்த கூட்டத்தை மொத்தமாக உள்ளே விடமாட்டார்கள். காம்பார்ட்மெண்ட் காம்பார்ட்மெண்டாக அடைத்து, ஒன்றைத் திறந்தபின் அடுத்தது. ஒரு காம்பார்ட்மெண்டில் தள்ளுமுள்ளு வந்தாலும் அடுத்ததற்குப் போகாது. வளாகத்தின் கணினிப் பிரிவு செய்ய வேண்டியதும் இதுதான். விலேன் என்பது அதன் பெயர். ஒரே கம்பி, ஒரே ஸ்விட்ச் பெட்டிதான். ஆனால் அதில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் ஒரு பிரிவு எண் ஒட்டப்படும். விடுதிக்கு ஓர் எண், நிதிப் பிரிவுக்கு ஓர் எண், கேமராக்களுக்கு ஓர் எண். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் இடையில் உள்ள காவலைக் கடந்தாக வேண்டும். விடுதியிலிருந்து நூலகத்தின் மின்னிதழ்களுக்கு வழி உண்டு. சம்பள சர்வரின் 445-க்கு இல்லை.

இதில் பெரிய செலவு கிடையாது. ஓரளவு நல்ல ஸ்விட்ச் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து யோசித்துப் பிரிக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, பிரித்ததைப் பிரித்தபடியே வைத்திருக்க வேண்டும். "எங்கள் துறைத் தலைவரின் பிரிண்டர் மட்டும்" என்று ஒரு விதிவிலக்கு, அடுத்த மாதம் இன்னொன்று. ஐந்து வருடத்தில் சுவரெல்லாம் ஜன்னலாகிவிடும்.

அப்படிச் சுவர் சரியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்வி நிறுவனமே சாட்சி. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் பூட்டப்பட்டன. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு. வெளிநோயாளிச் சீட்டிலிருந்து ஆய்வக முடிவு வரை பல நாள் கையெழுத்தில் ஓடியது. வலையமைப்பைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று மத்திய அரசு பின்னர் மாநிலங்களவையில் சொன்னது. தாக்குதல் எட்டாத ஒரு காப்பு சர்வர் இருந்ததால் மருத்துவமனைத் தரவுகளை மீட்க முடிந்தது. நகல் எடுத்து வைப்பது எல்லோரும் செய்வது. அந்த நகலை அதே கூடத்தில் வைக்காமல் இருப்பதுதான் விஷயம். எப்போதும் இணைப்பிலேயே இருக்கும் காப்பு டிஸ்க்கையும் தாக்கும் நிரல் சேர்த்தே பூட்டிவிடும்.

யாரை எந்தப் பிரிவில் விடுவது என்று தீர்மானிக்க, வருபவர் யார் என்று தெரிய வேண்டும். சுவரில் ஒட்டிய ஒரே வைஃபை பாஸ்வேர்டு எதற்கும் உதவாது. அது ஒரு வாரத்தில் டீக்கடை வரை போய்விடும். அதனால் ஆளுக்கொரு கணக்கு. இதன் அழகான வடிவம், கல்வி நிறுவனங்களுக்கு இடையிலான வைஃபை ஏற்பாடான எஜுரோம். 2002-இல் ஐரோப்பாவில் முளைத்த யோசனை, இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இந்தியாவில் நடத்துவது, கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையமைப்பான ஈர்நெட் இந்தியா.

எஜுரோமில் சேர்ந்த ஒரு கல்லூரியின் மாணவி, அதில் சேர்ந்த இன்னொரு வளாகத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். அவருடைய போன் அங்கே தானாகவே இணையும். அவர் பாஸ்வேர்டு அந்த ஊர் சர்வருக்கு எப்படித் தெரியும்? தெரியாது, தெரியவும் கூடாது. பயனர் பெயரில் அட் குறிக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் பார்த்து, கேள்வியை அது அவருடைய தாய் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. போனுக்கும் அந்தத் தாய் நிறுவனத்தின் சர்வருக்கும் இடையே மறையாக்கிய ஒரு குழாய் விழுகிறது. பாஸ்வேர்டு அதற்குள் போகிறது. விருந்தளிக்கும் வளாகத்துக்குக் கிடைப்பது ஆம் அல்லது இல்லை என்ற பதில் மட்டும். வந்தவர் விருந்தினர் பிரிவில் விடப்படுவார்.

ஓட்டை எங்கே என்றால் நம் விரலில். இதே பெயரில் ஒரு போலி வைஃபையை யார் வேண்டுமானாலும் கேன்டீனில் பரப்பலாம். குழாயின் மறுமுனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சான்றிதழைப் பார்த்துத்தான் போன் உறுதிசெய்யும். "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்" என்று அமைத்து வைத்திருந்தால் பாஸ்வேர்டு நேராகத் திருடனிடம் போய்ச் சேரும். சீனியர் சொல்லிக் கொடுத்த குறுக்குவழியை நம்பாமல், கல்லூரி தரும் அமைப்புக் கருவியைப் பயன்படுத்துவது இதற்காகத்தான்.

இன்னும் ஒன்று மீதி. விடுதியிலிருந்து யாரோ மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார், போலீஸ் வருகிறது. அவர்களிடம் இருப்பது ஓர் ஐபி முகவரியும் ஒரு நேரமும். பழைய முறை ஐபி முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடிதான். எல்லோருக்கும் ஒன்று கிடைக்காது. அதனால் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தெரிவார்கள். அந்த நொடியில் அந்த முகவரிக்குப் பின்னால் இருந்த அறை எது என்பதை வளாகத்தின் பதிவேடுதான் சொல்ல வேண்டும். கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 உத்தரவில் இந்தப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் கேட்கிறது. அதே உத்தரவில் பலர் கவனிக்காத ஒரு விதியும் உண்டு: எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பதிவேட்டின் கடிகாரம் ஒரு நிமிடம் தள்ளி ஓடினால், போலீஸ் தட்டுவது வேறொரு மாணவரின் அறைக்கதவை.