‘டெக்-ஸாவி’ ஆட்கள் தேவை... நீங்க ஸாவியா?

“டெக்-ஸாவி கேண்டிடேட்ஸ் தேவை.” கடம்பத்தூரில் ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவர்களின் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு விளம்பரம் வந்தால், டிகிரி முடித்தவர்கூட ஒரு நொடி யோசிப்பார். டெக் சரி, அதென்ன ஸாவி?

ஒரு விஷயத்தைப் பற்றி நிறையத் தெரிந்தவரை ஆங்கிலத்தில் ‘நாலெட்ஜபிள்’ என்பார்கள். ‘ஸாவி’ என்றால் தெரிந்ததை வைத்துக் காரியத்தை முடிக்கிறவர், ஏமாறாதவர். “ஆளு ரொம்ப விவரம்” என்கிறோமே, ஏறக்குறைய அதேதான். நிறையப் படித்தவர் ஸாவியாக இல்லாமலும் போகலாம். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய பாட்டி, பூக்காரம்மாவுக்கு யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டு, “ஓடிபி சொல்லுங்க” என்று கேட்பவனின் போனைக் கட் பண்ணினால், அவர்தான் டெக்-ஸாவி!

போர்ச்சுகீசியம், ஸ்பானிஷ் இரண்டிலுமே ‘சாபெ’ என்றால் ‘அவருக்குத் தெரியும்’. கப்பல்காரர்களும் வியாபாரிகளும் பேசிய கலப்பு மொழி வழியாக, 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ‘புரியுதா?’ என்ற பொருளிலும் புழங்கியது. ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படத்தில் ஜாக் ஸ்பாரோ பேச்சுக்குப் பேச்சு “ஸாவி?” என்று கேட்பாரே, அது இதுதான்.

அப்போ நம்ம வீட்டுச் சாவி? அர்த்தத்தில் சம்பந்தமில்லை. ஆனால் அதுவும் போர்ச்சுகீசியச் சரக்கு! ஜன்னல், அலமாரி, மேஜை எல்லாம் அந்த வகைதான். 16-ம் நூற்றாண்டில் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலேயே போர்ச்சுகீசியர்கள் இருந்திருக்கிறார்கள்.

சரி, ரெஸ்யூமேக்கு வருவோம். “ஐ ஆம் எ டெக்-ஸாவி” என்று எழுதினால் தப்பு. பின்னால் ‘பெர்சன்’ வர வேண்டும், அல்லது நடுவில் உள்ள ‘எ’ போக வேண்டும். “ஐ ஆம் நாலெட்ஜபிள்” என்று எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் தற்பெருமை போலத் தெரியும். இந்த வார்த்தைகளை அடுத்தவர் நம்மைப் பற்றிச் சொன்னால்தான் அழகு. அதற்குப் பதிலாக எக்ஸெல்லில் சம்பளப் பட்டியல் போடுவேன், சிஎன்சி மெஷின் ஓட்டியிருக்கிறேன் என்று தெரிந்த வேலையை எழுதுங்கள். இன்டர்வியூ எடுப்பவருக்கு அடுத்த கேள்வி அதிலேயே கிடைத்துவிடும்.

அப்புறம், அதே விளம்பரத்தின் அடியில் “பதிவுக் கட்டணத்தை ஜிபே பண்ணவும்” என்று இருந்தால் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? தாமதிக்காமல் சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்கள்.