கடைமடைக் கணக்கு

நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு உயிராய் விளங்குவது பேச்சிப்பாறை அணை. கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் அரசு 1897-ஆம் ஆண்டில் தொடங்கி 1906-ஆம் ஆண்டில் கட்டி முடித்த அணை இது. இதன் நீர்மட்டம் 48 அடி வரை உயரவல்லது. மதகு திறந்ததும் நீர் ஆறாகவும் கால்வாயாகவும் ஓடி, கிளைக்கால்களாய்ப் பிரிந்து, வயல்களை நோக்கிச் செல்லும்.

மதகு திறந்த நாளையும், வெளிச்சென்ற நீரின் அளவையும் ஏட்டில் எழுதிவிடலாம். ஆயினும், கடைமடை உழவன் அவ்வேட்டைக் கண்டு மனம் நிறைவானல்லன். ‘என் வயலில் நீர் ஏறிற்றா? பயிர் தழைத்ததா?’ என்றே அவன் கேட்பான். அவன் கேட்கும் அவ்விரு வினாக்களும், பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்பெறும் ஒரு சிறு நீல மாத்திரைக்கும் பொருந்தும்.

மாணவர்களே! நம் குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் பொருள். மூச்சில் நாம் உள்ளிழுக்கும் உயிர்வளியை உடலெங்கும் கொண்டு செல்வதும் அதுவே. அது உண்டாவதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. அச்சத்துக் குறையின் இரத்தசோகை தோன்றும். சிறிது நடந்தாலும் மூச்சு வாங்கும், உடல் சோரும், பாடத்தில் கருத்து ஊன்றாது. விரைந்து வளரும் பருவமாதலாலும், மாதந்தோறும் குருதி இழப்பு நேர்வதாலும், பெண்பிள்ளைகளுக்கு இக்குறை மிகுதி. 2019-21-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருத்தல் கண்டறியப்பட்டது.

இக்குறையைப் போக்கவே, வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் நாடெங்கும் உள்ள பள்ளிகளில் ஏற்பட்டது. 2018-ஆம் ஆண்டில் திருத்தி அமைக்கப்பட்ட முறைப்படி, 10 முதல் 19 வயதினர்க்குரிய நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. குடற்புழுவும் இரத்தசோகைக்கு ஒரு காரணமாதலின், அதனை நீக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் ஆண்டுக்கு இருமுறை தரப்படுகின்றது.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ஒரு பள்ளியில் இம்மாத்திரை ஏட்டை எழுதும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. வாரந்தோறும் காலை முதற்பாடவேளையில் மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பேன். கொடுத்தவுடன் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் குறி இடுவேன். ஏட்டில் ஒரு கட்டமேனும் வெறுமையாய் இருந்ததில்லை. ஒரு நாள் பெருமழை பெய்து ஓய்ந்தபின், வகுப்பறைச் சன்னலுக்குப் பின்னே சேற்றில் நீலக்கறைகள் பல தோன்றின. குனிந்து நோக்கினேன். கரைந்தும் கரையாமலும் கிடந்தவை நான் கொடுத்த மாத்திரைகளே! உண்டதாகக் குறியிட்ட கையும் என் கையே!

நான் மாணவியரைக் கடிந்துரைக்கவில்லை, காரணம் கேட்டேன். காலையில் உண்ணாமல் வந்தமையால் மாத்திரை குமட்டலைத் தந்தது என்றாள் ஒருத்தி. மலம் கறுத்ததைக் கண்டு அஞ்சினேன் என்றாள் மற்றொருத்தி. இஃது ஏதோ தீய மருந்து என்று அண்டை வீட்டார் கூறினர் என்றாள் வேறொருத்தி. மலம் கறுத்தல் இரும்புச்சத்தின் இயல்பு. அதனால் தீங்கில்லை என்று விளக்கினேன். மாத்திரை தரும் வேளையை மதிய உணவுக்குப் பின் மாற்றினோம். அருகில் குடிநீரும் வைத்தோம். விழுங்கியதைக் கண்ட பின்னரே குறி இட்டேன். அடுத்த வாரம் ஏட்டில் குறிகள் குறைந்தன. குறைந்த கணக்கைத் தலைமையாசிரியரிடம் காட்ட எனக்கு நாணமாகவே இருந்தது. ஆயினும், அதுவே நான் எழுதிய முதல் மெய்க்கணக்கு.

திட்டம் நடக்கும்போதே, அது செவ்வனே நடக்கின்றதா என்று இவ்வாறு பார்த்து வருதல் கண்காணிப்பு எனப்படும். மாத்திரை உரிய காலத்தில் வந்ததா, எத்தனை பேர் விழுங்கினர், விழுங்காதார் யாவர், ஏன் விழுங்கவில்லை என்பன அதன் வினாக்கள். இதில் எண்ணும் முறையும் கருதத்தக்கது. ஒரு வகுப்பில் 40 மாணவியர் உளர் எனக் கொள்வோம். அன்று வந்தவர் 32 பேர். விழுங்கியவர் 24 பேர். வந்தவரை மட்டும் கொண்டு கணக்கிட்டால் நூற்றுக்கு 75 என வரும். எல்லாரையும் கொண்டு கணக்கிட்டால் 60 என வரும். முன்னைய கணக்கில் வாராத எண்மரும் மறைந்து போகின்றனர். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்திற்கு அப்பால் மலைச்சாரலில் காணி மக்களின் குடியிருப்புகள் உள. மழை மிகுந்த நாளில் அங்கிருந்து பள்ளிக்கு வருதல் எளிதன்று. அத்தகைய சிறுமியரே இத்திட்டத்தின் கடைமடை. பள்ளியை விட்டு நின்ற சிறுமியர்க்கு அங்கன்வாடி வழியே மாத்திரை வழங்க ஏற்பாடு உண்டு. அவர்களையும் எண்ணியே கணக்கு முடிதல் வேண்டும்.

நீர் பாய்ந்ததா என்பது கண்காணிப்பு; பயிர் தழைத்ததா என்பது மதிப்பீடு. திட்டம் தொடங்குமுன் மாணவியரின் குருதியைச் சோதித்து, பின்னர் ஒரு கால அளவு கழிந்ததும் மீண்டும் சோதித்து, இரண்டையும் ஒப்பிடுவர். ஒரு டெசிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின், அப்பருவப் பெண்ணுக்கு இரத்தசோகை உண்டு என்பது மருத்துவ வரையறை. குஜராத் மாநிலத்து வடோதரா மாவட்டப் பள்ளிகளில் வாரம் ஒரு மாத்திரை வழங்கி இங்ஙனம் அளந்தனர். இரத்தசோகை உடைய மாணவியர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 75 என்பதிலிருந்து 53-ஆகக் குறைந்தது. அளந்தமையாலன்றோ அப்பயன் வெளிப்பட்டது! எஞ்சிய 53 பேருக்கு இன்னும் செய்ய வேண்டிய கடன் உண்டு என்பதும் அவ்வளவையாலேயே தெரிந்தது.

எனினும், தொகை குறைந்ததற்கு மாத்திரை ஒன்றே காரணம் என உடனே துணிதல் கூடாது. குடற்புழு நீங்கியமையும், வீட்டுணவு மேம்பட்டமையும் துணை நின்றிருக்கலாம். ஆதலின் மாத்திரை பெறாத மாணவியரோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது சிறந்த முறையாகும். மாத்திரையோடு கீரையும் பயறும் மீனும் உணவில் சேர்தல் நன்று. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணை செய்யும். உணவோடு பருகும் தேநீர் அதனைத் தடுக்கும்.

மாணவ மாணவியரே! உங்கள் பள்ளி ஏட்டில் இடப்படும் ஒவ்வொரு குறியும் ஒரு பெண்ணின் உடல்நலத்தைப் பற்றிய சான்று. மாத்திரை ஒவ்வாவிடின் மறைத்து எறியாமல் ஆசிரியரிடம் வாய்திறந்து கூறுங்கள். உங்கள் தோழி வாராத நாளில் அவளை நினைவூட்டுங்கள். நாளை நீங்களே ஆசிரியராகவோ செவிலியராகவோ அலுவலராகவோ ஏடு எழுதும் நிலை வரலாம். அன்று, கொடுத்ததை மட்டும் எழுதி அமையாது, சேர்ந்ததையும் கண்டு எழுதுவீர்களாக.