72ஆல் வகுத்த டகோட்டா

சி-47 என்றொரு ராணுவச் சரக்கு விமானம் இருந்தது. ஆங்கிலேயர் அதை டகோட்டா என்றார்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 29 மீட்டர். இந்த நீளத்தை 72ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 40 சென்டிமீட்டர் வரும். அதாவது, 28 படைவீரர்களைச் சுமந்து பறந்த விமானம் உங்கள் படிப்பு மேசையில் நின்றுவிடும்.

அதென்ன 72? மாதிரி விமானம் செய்பவர்கள் அதிகம் விரும்பும் அளவுகளில் ஒன்று அது. ஆறு அடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி உயர மனிதர் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம் இருப்பார். கணக்கு போடச் சுலபம்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த அளவுக்கு முக்கியமான ஒரு வேலை இருந்தது. தொலைவில் வரும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று பீரங்கி வீரர்கள் நொடியில் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்காக 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடமே உதவி கேட்டது. மாணவர்கள் மரத்தைச் செதுக்கி, 72இல் ஒரு பங்கு அளவில் விமானங்களைச் செய்து கொடுத்தார்கள். அப்படி ஒரு மாதிரியை 10 மீட்டர் தள்ளிப் பிடித்தால், 720 மீட்டர் தொலைவில் பறக்கும் உண்மை விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவே தெரியும். கண்ணில் இரண்டும் ஒரே கோணத்தைத்தான் அடைக்கின்றன.

இவ்வளவு பயிற்சி இருந்தும் ஒரு பெருந்துயரம் நடந்தது. 1943 ஜூலை 11 இரவு, இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு 144 அமெரிக்க விமானங்கள் சென்றன. இருட்டில் அவற்றை எதிரி என்று நினைத்துச் சொந்தத் தரப்புக் கப்பல்களும் தரைப் பீரங்கிகளுமே சுட்டன. 23 விமானங்கள் விழுந்தன.

மறுபடி அப்படி நடக்கக் கூடாது. 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, சி-47 விமானங்களின் இறக்கைகளிலும் வால்பக்க உடம்பிலும் ஐந்து பட்டைகள் இருந்தன. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. இந்தப் பட்டை உள்ளதைச் சுடாதே என்பது பொருள். எதிரிக்குத் தெரிந்தால் அவனும் பூசிக்கொள்வான் அல்லவா? அதனால் கடைசி நாட்கள் வரை ரகசியமாக வைத்திருந்து, பிறகு அவசர அவசரமாகப் பூசினார்கள். தூரிகை போதாமல் துடைப்பத்தால் பூசியவர்களும் உண்டு.

நாம் செய்யப்போவது அந்தப் பட்டை போட்ட சி-47. இரட்டை எஞ்சின் விமானத்துக்கு ஒரு பட்டையின் அகலம் 24 அங்குலம், அதாவது 61 சென்டிமீட்டர். 72ஆல் வகுத்தால் எட்டரை மில்லிமீட்டர். ஐந்து பட்டைக்கும் சேர்த்து 42 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். இதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கிட் பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் காய்த்துத் தொங்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பெயின்ட் ஒட்டாது. பிறகு ஒவ்வொரு பாகமாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து ஒட்ட வேண்டும்.

இந்தப் பிளாஸ்டிக் மாதிரிக்கான பசை ஓர் ஆச்சரியம். காகிதத்தை ஒட்டும் பசை இரண்டு தாளுக்கும் நடுவில் தங்கி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. இதுவோ பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் கரைப்பான். இரு விளிம்புகளையும் இளக்கி, ஒன்றின் மூலக்கூறுகளை மற்றொன்றின் மூலக்கூறுகளோடு பின்ன விட்டு, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. காய்ந்த பின் அங்கே பசையே இருக்காது, ஒரே பிளாஸ்டிக்தான். அதனால்தான் பெயின்ட் பட்ட விளிம்பு சரியாக ஒட்டாது. கண்ணாடி ஜன்னல்களுக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள், மங்கிப்போகும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை போதும்.

இனி பெயின்ட். இங்கேதான் 72 நம்மைச் சோதிக்கிறது. விமானத்தை 72 மடங்கு சுருக்கினோம், பெயின்டைச் சுருக்கினோமா? நீங்கள் பூசும் பூச்சு பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். உண்மை விமானத்தின் அளவில் அது 7 மில்லிமீட்டருக்கு மேல்! எந்த விமானத்தின் மேலும் அவ்வளவு பெயின்ட் இருந்ததில்லை. ஆணித் தலைகளும் தகட்டுக் கோடுகளும் அதற்குள் புதைந்துவிடும். ஆகவே பெயின்டை நீர்க்க விட்டு, ஒரு பூச்சு காய்ந்த பின் அடுத்தது என்று மெல்லிசாகப் பல தடவை பூசுங்கள். மாதிரி செய்வதில் எனக்கு மிகப் பெரிய பாடமாகத் தோன்றுவது இந்தப் பொறுமைதான்.

சி-47இன் மேற்புறம் ஆலிவ் பச்சை, அடிப்புறம் சாம்பல். மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு அது நிலத்தோடு கலக்க வேண்டும், கீழிருந்து பார்ப்பவனுக்கு வானத்தோடு. டப்பாவில் உள்ள பச்சையை அப்படியே பூசினால் மாதிரி அளவுக்கு மீறிக் கறுத்துத் தெரியும். சிலர் ஒரு சொட்டு வெள்ளை கலப்பார்கள். மாதிரியை 30 சென்டிமீட்டரில் பார்ப்பது உண்மை விமானத்தை 21 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம், இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தொலைவிலுள்ள மலை நீலம் பாரிப்பது காற்றால்தான் என்றாலும், 21 மீட்டர் காற்று அவ்வளவு வெளுக்காது என்பது என் கருத்து. வெயில் வலுவான காரணம். திறந்தவெளியில் நின்ற ஆலிவ் பச்சை வெளுத்துப் பழுப்படிக்கும்.

பச்சை காய்ந்ததும் பட்டைகள். 42 மில்லிமீட்டர் அகலத்துக்கு முழுவதும் வெள்ளை பூசிவிட்டு, அதன் மேல் இரண்டு கறுப்புப் பட்டைகளைப் போடுங்கள். வெள்ளைக்கு மூன்று நான்கு பூச்சு ஆகும், கறுப்புக்கு ஒன்றிரண்டு போதும். காரணம் உண்டு. கறுப்பு, தன் மேல் விழும் ஒளியை விழுங்கிவிடுகிறது. மெல்லிய படலமே அதற்குப் போதும். வெள்ளையோ ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். படலம் மெல்லிசாக இருந்தால் ஒளி ஊடுருவி அடியிலுள்ள பச்சையைத் தொட்டுத் திரும்பும், வெள்ளை அழுக்காகத் தெரியும்.

பட்டையின் விளிம்பை மாஸ்கிங் டேப் ஒட்டி நேராக்கலாம். நான் ஒட்ட வேண்டாம் என்பேன். 1944 ஜூன் மாதப் புகைப்படங்களைப் பாருங்கள். பல விமானங்களில் கோடு வளைந்திருக்கும், தூரிகைத் தடம் தெரியும். கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு அழகுதான், ஆனால் அந்த அவசர நாட்களுக்கு அது உண்மையாகாது.

கடைசியாகக் கறுப்புப் பெயின்டைத் தண்ணீர் போலக் கரைத்து, தகட்டுக் கோட்டின் ஒரு முனையில் தூரிகை நுனியால் தொடுங்கள். கோடு முழுவதும் அது தானாகவே ஓடும். மரத்தின் வேரிலிருந்து நீர் மேலேற உதவும் நுண்புழை நுழைவு இங்கும் நடக்கிறது.

இது பறக்குமா என்று கேட்பீர்கள். சி-47இன் வெற்று எடை சுமார் 8,200 கிலோ. இதை 72ஆல் ஒரு முறை வகுத்தால் 114 கிலோ வரும், அது தவறு. நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்கியதால் மூன்று முறை வகுக்க வேண்டும். விடை 22 கிராம்! நம் மாதிரி அதைவிட நன்றாகவே கனக்கும். உண்மை விமானத்தின் அலுமினியத் தோல் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நம் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் என்றாலும், உண்மை அளவில் அது 7 சென்டிமீட்டர் சுவர். ஆகவே பறக்காது. பறக்கும் மாதிரிகளை இலேசான பால்சா மரத்தில் செய்வார்கள்.

கிட் கிடைக்காவிட்டால் அட்டையில் தொடங்குங்கள். இறக்கை 40 சென்டிமீட்டர், உடம்பு 27 சென்டிமீட்டர், பட்டை எட்டரை மில்லிமீட்டர். கத்தி எடுக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். பசையும் பெயின்டும் ஆவியாகும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.