வைஃபை கேட்கும் முன் இரண்டு பக்கம் எழுதுங்கள்

மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை, பேட்டையில் குடோன், ஏர்வாடியில் பள்ளிக்கூடம், கடையநல்லூரில் மருத்துவமனை என்று எங்கே வேலை பார்த்தாலும் நம் பிள்ளைகள் இன்று கேட்பது, "இங்கே வைஃபை போடலாமே" என்பதுதான். முதலாளியோ நிர்வாகக் கமிட்டியோ திருப்பிக் கேட்பது, "எதுக்கு? எவ்வளவு ஆகும்?" என்பது. பல இடங்களில் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. வேறு சில இடங்களில் யாரோ சொன்ன கருவிகளை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பெட்டியில் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும், இணைப்பு இருக்காது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. செலவுக்கு முன்னால் எழுத வேண்டிய குறிப்பு எழுதப்படவில்லை. பெரிய நிறுவனங்களில் இதை 'பிசினஸ் கேஸ்' என்பார்கள். நாம் திட்டக் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். என்ன தேவை, என்ன செலவு, என்ன பலன், வேறு வழி உண்டா, யார் பொறுப்பு என்ற ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். எழுத இரண்டு பக்கம் தாராளம்.

தேனியில் நடந்தது

இதற்கு நல்ல பாடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 1985-இல் தேனியிலும், 1988-இல் நம் திருநெல்வேலியிலும் அதன் கிளைகள் வந்தன. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்துவதில் பெயர் பெற்ற நிறுவனம் அது. ஆனால் முகாம்கள் எத்தனை பேரைச் சென்றடைகின்றன என்று ஆராய்ந்தபோது, 1999-இல் வெளியான ஆய்வு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. முகாம் நடக்கும் பகுதியில் கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். மற்றவர்கள் பார்வை மங்கியபடியே வீட்டில் இருந்தார்கள்.

அதனால் கிராமப்புறங்களில் நிரந்தரமான சிறு கண் மையங்கள் திறக்க முடிவானது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவர் தேனியில் இருந்தபடியே வீடியோவில் நோயாளியோடு பேசுவார். இதற்கு நல்ல வேகமுள்ள இணைப்பு வேண்டும். அன்றைய கிராமத்துத் தொலைபேசிக் கம்பி வீடியோவைத் தாங்காது. செயற்கைக்கோள் இணைப்புக்கோ மாதாமாதம் பெரிய கட்டணம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழு, சாதாரண வைஃபை கருவிகளையே திசை நோக்கும் ஆண்டெனாக்களுடன் இணைத்து, பல கிலோமீட்டர் தூரத்துக்கு எட்டும்படி மென்பொருளை மாற்றி அமைத்தது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் விதி கொண்டுவந்திருந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் தேவை, அதாவது வராமல் போன 93 பேர். பிறகு மாற்று வழிகள். கருவி கடைசியில்தான் வந்தது. நம்மில் பலர் கருவியிலிருந்து தொடங்குகிறோம்.

அந்த அனுபவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. இந்தக் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கிராமங்களில் இணைப்பு அறுந்ததற்குப் பெரிய காரணம் அலைவரிசை அல்ல, மின்சாரம் என்றது. கிராம மின்சாரத்தை அளந்தபோது மின்னழுத்தம் சில வேளைகளில் 500 வோல்ட்டையும் தாண்டி எகிறியது. கருவிகள் எரிந்தன. பழுது பார்க்க உள்ளூரில் ஆள் பழகாத இடங்களில் இணைப்பு நாள்கணக்கில் நின்றது.

தேவையை அளந்து எழுதுங்கள்

"இணையம் மெதுவாக இருக்கிறது" என்பது குறை. "குடோனில் இருக்கும் 8 பேர், சரக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொருவரும் தினம் 20 நிமிடம் கடைக்கு நடக்கிறார்கள்" என்பது தேவை. ஒரு வாரம் நோட்டில் குறித்து வைத்தாலே இந்த எண் கிடைத்துவிடும். பள்ளிக்கூடம் என்றால் வருகைப் பதிவுக்கு எவ்வளவு நேரம் போகிறது, மருத்துவமனை என்றால் பழைய நோயாளியின் சீட்டைத் தேட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

கணக்கை நேர்மையாகப் போடுங்கள்

மேலே சொன்ன குடோனையே உதாரணமாக எடுப்போம். 8 பேர், தினம் 20 நிமிடம், மாதம் 25 நாள் என்றால் 4,000 நிமிடம், ஏறத்தாழ 67 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய் கூலி என்றால் மாதம் 5,000 ரூபாய். ஆனால் மிச்சமாகும் நேரம் முழுவதும் காசாக மாறாது. பாதியை மட்டும், அதாவது 2,500 ரூபாயை மட்டும் பலனாக எழுதுங்கள்.

இனி செலவு. கடைக்கும் குடோனுக்கும் சேர்த்து நான்கு வைஃபை பெட்டிகள், கேபிள், இன்வெர்ட்டர் எல்லாம் 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடம் உழைக்கும் என்றால் மாதத்துக்கு 1,000 ரூபாய். இணையக் கட்டணம் 1,200, பராமரிப்பு 800. மொத்தம் 3,000. பலனை விடச் செலவு 500 ரூபாய் அதிகம். இப்படியே கொண்டுபோனால் முதலாளி மறுப்பது நியாயம்தான்.

இங்கேதான் குறிப்பு எழுதுவதன் பலன் தெரியும். நகராத பில்லிங் கணினிகளுக்கு வைஃபை தேவையில்லை, கேபிளே போதும். அது வேகமும் கூட. ஆட்கள் நடமாடும் குடோனுக்கு மட்டும் இரண்டு பெட்டி போட்டால் 24,000 ரூபாயில் முடியும் என்றால், மாதத்துக்கு 500 ரூபாய்தான். கடையில் ஏற்கெனவே இணைய இணைப்பு இருந்தால், அந்த 1,200 ரூபாய் புதிய செலவே அல்ல. ஆக மாதச் செலவு 1,300, பலன் 2,500. அதே யோசனைதான், ஆனால் இப்போது கணக்கில் நிற்கிறது. உங்கள் இடத்து எண்கள் வேறாக இருக்கும், முறை இதுதான்.

விட்டுப்போகும் செலவுகள்

கொட்டேஷனில் பெட்டியின் விலை மட்டுமே பெரிதாகத் தெரியும். கீழ்க்கண்டவற்றையும் கேட்டு எழுதுங்கள்.

மின்சாரம்: கரண்ட் போனால் பெட்டியும் நிற்கும். இன்வெர்ட்டர் இணைப்பும், மின்னழுத்தம் எகிறினால் தடுக்கும் கருவியும், நல்ல எர்த்தும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையை நினைவில் வையுங்கள். மொட்டை மாடியில் ஆண்டெனா வைத்தால் இன்னும் கவனம் தேவை.

கட்டடம்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் கடைத்தெருவில் நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த பழைய சுவர்களைத் தாண்டத் திணறும். எதிர்க் கட்டடத்துக்கு இணைப்புக் கொடுப்பதென்றால் இடையில் தென்னையோ வேம்போ இருக்கக் கூடாது. நனைந்த இலை அலையை உறிஞ்சிவிடும். எனவே கொட்டேஷன் கொடுப்பவரை நேரில் வரவழைத்து, ஒரு பெட்டியை வைத்து இடம் இடமாகச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆள்: பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கும்? பழுதானால் யார் பார்ப்பார்? வேலையில் இருப்பவர்களில் ஒருவரைப் பழக்குவதற்கான நேரத்தையும் செலவில் சேருங்கள்.

பூட்டில்லாத வைஃபை

2008-இல் நவி மும்பையில் பூட்டப்படாத ஒரு வைஃபை இணைப்பு வழியாக யாரோ மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார்கள். காவல்துறை முதலில் விசாரித்தது அந்த இணைப்பின் சொந்தக்காரரைத்தான். மறு வருடமே தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்புக்கு விதிமுறைகள் வெளியிட்டது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவரிடம்தான் வரும். ஆகவே டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பு, விருந்தினருக்குத் தனி இணைப்பு, வேலையை விட்டு ஒருவர் போனதும் பாஸ்வேர்ட் மாற்றம் ஆகிய மூன்றையும் குறிப்பில் எழுதுங்கள். பில்லிங், மாணவர் விவரம், நோயாளி விவரம் உள்ள கணினிகள் விருந்தினர் இணைப்பில் தெரியவே கூடாது.

கமிட்டி முன் வைக்கும்போது

ஒரே வழியைச் சொல்லாமல் மூன்றைச் சொல்லுங்கள்: இப்படியே விடுவது, சிறிய அளவில் செய்வது, முழுவதும் செய்வது. ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவையும் பலனையும் எழுதுங்கள். முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அது மரியாதையும்கூட. தேனியிலும் சில மையங்களில் பார்த்துவிட்டுத்தான் விரித்தார்கள். நீங்களும், "ஒரு பகுதியில் மூன்று மாதம் போட்டுப் பார்ப்போம். 20 நிமிடம் 10 நிமிடமாகக் குறையாவிட்டால் விரிக்க வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். தோற்றால் நிறுத்திவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்பவரை நம்பிப் பணம் கொடுப்பது எளிது.

பொது நிதியில் நடக்கும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் என்றால் அந்த ஒவ்வொரு ரூபாயும் அமானிதம். ஆகவே கமிட்டியில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குறிப்போடு வரும் பிள்ளையை "பார்க்கலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வேண்டாம் என்று முடிவானாலும் காரணத்தை அந்தக் குறிப்பிலேயே எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அவர் இன்னும் தெளிவான கணக்கோடு வருவார்.