புற்றும் குடமும்

(‘நம்பிக்கையின் வழக்கு’ தொடர் – 9)

போன வாரம் மிதிலையில் நிறுத்தியிருந்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த உதயனர், கடவுள் உண்டு என்பதை அனுமானத்தாலேயே நிறுவிக் காட்டுகிறேன் என்று ‘நியாயகுசுமாஞ்சலி’ எழுதினார். அவர் அடுக்கிய வாதங்களில் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இந்த வாரத்துக்குப் போதும். உலகுக்குச் செய்தவன் ஒருவன் உண்டு. ஏன்? உலகம் செய்யப்பட்ட பொருள். செய்யப்பட்ட பொருள் எதற்கும் செய்தவன் இருப்பான், குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல. மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு, அடுக்களையில் பார்த்திருக்கிறோமே என்று சொல்கிற அதே அளவைமுறைதான் இது.

பத்தொன்பது வயதில் கல்லூரி விடுதியில் நடந்த பட்டிமன்றம் ஒன்றில் இந்த வாதத்தைத்தான் நானும் பேசினேன். உதயனர் பெயர்கூட அப்போது தெரியாது. குடத்துக்குப் பதில் கடிகாரம் என்றேன். நல்ல கைதட்டல். மேடையிலிருந்து இறங்கியதும் தமிழாசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்தார். “தம்பி, விடுதிக்குப் பின்னால புற்று ஒண்ணு இருக்கே, பார்த்திருக்கியா? அதுவும் மண்ணுதான். ஆளுயரத்துக்குக் கோபுரம் மாதிரி எழும்பி நிக்குது. அதை எந்தக் குயவன் வனைஞ்சான்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அது அவருடைய சொந்தக் கேள்வி என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். ஏழாம் நூற்றாண்டு பௌத்தர் தர்மகீர்த்தி ‘பிரமாணவார்த்திக’த்தில் கேட்ட கேள்வி அது என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கேள்வியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடத்தைக் கண்டால் குயவனை ஏன் நினைக்கிறோம்? குயவன் சக்கரத்தில் குடம் எழும்புவதைப் பார்த்திருக்கிறோம், அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மலை செய்யப்படுவதை யார் பார்த்தார்கள்? குடத்துக்கும் உருவம் உண்டு, மலைக்கும் உருவம் உண்டு என்கிறோம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ‘உருவம்’ என்கிற சொல். வெளிறிய பொருள் எதைப் பார்த்தாலும் நெருப்பு இருக்கிறது என்று ஒருவன் முடிவு கட்டினால் ஏற்போமா என்று கேட்கிறார் தர்மகீர்த்தி. மார்கழிப் பனியும் வெளிறித்தான் இருக்கும். அதைக் கண்டு எந்த ஊரிலும் தண்ணீர்க் குடத்தோடு யாரும் ஓடுவதில்லை.

பௌத்தர் இப்படிக் கேட்டதில் வியப்பில்லை, படைப்புக் கடவுள் அவர்களுக்கு வேண்டியதில்லை. வேதத்தின் பக்கம் நின்று பௌத்தரோடு பொருதிய குமாரில பட்டரும் இதையே கேட்டார். உலகம் தோன்றும் முன் படைத்தவன் எங்கே இருந்தான், அவனுக்கு உடம்பு இருந்ததா, கருணையால் படைத்தான் என்றால் துன்பத்தை ஏன் படைத்தான் என்று அவர் கேள்விகள் நீள்கின்றன. வேதத்தை நம்பியவர், படைப்புக் கடவுளை மறுத்தார். ஆத்திகம் என்றால் கடவுள் நம்பிக்கை என்று மட்டும் பழகிவிட்ட நமக்கு இது புதிதாகத் தோன்றும்.

இந்த வரிசையில் நான் எதிர்பாராத பெயர் ராமானுஜர். ஸ்ரீபெரும்பூதூரில் 1017இல் பிறந்து, திருவரங்கத்தில் கோயில் நிர்வாகத்தையே சீர்செய்து, ஆழ்வார்களின் பாசுரங்களில் ஊறிய அவரைவிடக் கடவுளை நம்பியவர் யார்? பிரம்மசூத்திரத்துக்கு அவர் எழுதிய உரை ‘ஸ்ரீபாஷ்யம்’. அதில் மூன்றாவது சூத்திரத்துக்கு வரும்போது, கடவுளை அனுமானத்தால் அறிந்துவிடலாம் என்கிற கட்சியை முதலில் முழு பலத்தோடு நிறுத்துகிறார். எதிராளியே தம் வாதத்தைச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். மலையும் கடலும் செய்யப்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே நேரத்தில் செய்யப்பட்டன என்று எப்படித் தெரியும்? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்திருக்கலாமே. செய்தவன் ஒருவனே என்பதற்கு என்ன ஆதாரம்? தேரையும் மாளிகையையும் பலர் கூடித்தானே செய்கிறார்கள். குயவனைக் காட்டி வாதிப்பதானால், நாம் கண்ட குயவர் எல்லாருக்கும் உடம்பு உண்டு, அளவான அறிவு உண்டு, அளவான ஆற்றல் உண்டு. எடுத்துக்காட்டு அதைத்தான் தரும், எல்லாம் வல்ல ஒருவனைத் தராது.

ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் இயற்கைச் சமயத்தைப் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூல், அவர் இறந்து 3 ஆண்டு கழித்து 1779இல் அச்சானது. வீட்டையும் கப்பலையும் பலர் கூடிக் கட்டுகிறார்களே, உலகையும் பல தெய்வங்கள் கூடிக் கட்டியிருக்கக் கூடாதா என்று அதில் ஒரு பாத்திரம் கேட்கிறது. ஐரோப்பாவில் கடவுள் வாதத்தை ஆட்டிவைத்த கேள்வி அது. அறுநூறு ஆண்டுக்கு முன்பே திருவரங்கத்து ஆசாரியர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார், அதுவும் தம் கடவுளை விட்டுக்கொடுக்காமல்.

ஏன் கேட்டார்? வேறு வழியில் அறிய முடியாததை அறிவிப்பதே சாஸ்திரத்தின் வேலை, ஊகத்தாலேயே அறிந்துவிட முடிந்தால் சாஸ்திரம் எதற்கு என்பது அவர் சொல்லும் காரணம். எனக்குத் தோன்றும் காரணம் இன்னொன்றும் உண்டு. குடத்திலிருந்து புறப்பட்டுப் போனால் கடைசியில் ஒரு பெரிய குயவனிடம்தான் போய்ச் சேருவோம். அவன் கெட்டிக்காரனாக இருக்கலாம். நம்மாழ்வார் உருகி அழுதது அவனுக்காக அல்ல. வாதத்தில் வென்று எடுத்துக்கொண்டு வந்த கடவுளும், சந்நிதியில் கைகூப்பிக் கண்ணீர் விடுபவர் கும்பிடும் கடவுளும் ஒருவரே என்பதை எந்த அனுமானமும் சொல்லவில்லை. இதை ராமானுஜர் உணர்ந்திருந்தார் என்றே நம்புகிறேன்.

சரி, சாஸ்திரத்தை எதை வைத்து நம்புவது? கேள்வி ஓர் அடி பின்னால் தள்ளிப்போயிருக்கிறதே தவிர, தீரவில்லை. இங்கே ‘மணிமேகலை’யில் ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் கண்டதே மெய் என்கிறவன் பூதவாதி. அவனைப் பார்த்து அவள், உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அனுமானம் இல்லாமல் அதை அறிய முடியாது என்பது அவள் கட்சி. நான் இன்னும் கொஞ்சம் தள்ளிச் சொல்வேன். என் தந்தை இன்னார் என்பதை என் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அனுமானம் செய்யவில்லை, ஆராயவுமில்லை. அதை அறிவு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குமாரிலரைப் போன்ற மீமாம்சகர்கள் இதைக் கொள்கையாகவே வகுத்தார்கள்: ஓர் அறிவு பொய் என்று காட்டப்படும் வரை அது மெய்யே, மெய் என்று முதலில் நிரூபித்துவிட்டு நம்ப வேண்டியதில்லை. இல்லையென்றால் நிரூபணத்துக்கு நிரூபணம் என்று முடிவில்லாமல் போகும்.

இந்த வாதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் என் அம்மா ஒருத்திதான். சாஸ்திரங்கள் பல, ஒன்று சொல்வதை மற்றது மறுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் நூலும் தாய் சொல்போலத்தான். அவர் நம்புவதும் பொய் என்று காட்டப்படாத வரை மெய் என்றால், இரண்டு பேரில் யார் சொல்வதை எடுப்பது? இருபது வருஷமாக இந்த இடத்தில் நிற்கிறேன். பழைய ஆசிரியர்கள் தந்த விடைகளில் எதுவும் எனக்கு நிறைவு தரவில்லை.

அதனால் என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். தர்க்கத்தால் நம்பிக்கையை உண்டாக்க முடியாது. நம்புகிறவன் சொல்வதில் பிழை இருந்தால் அதைக் காட்டும் உரிமை மட்டும் தர்க்கத்துக்கு முழுதாக உண்டு. நெருப்பு குளிரும் என்று நூறு வேதவாக்கியம் சொன்னாலும் செல்லாது என்று கீதை உரையில் எழுதியவர் சங்கரர். வேதம் ஒன்றையே பற்றி நின்றவர் அப்படி எழுதினார். அந்த உரிமையைப் பறித்துக்கொண்டு, ‘இது நம்பிக்கை, கேள்வி கேட்காதே’ என்று இன்று எந்த மேடையில் யார் சொன்னாலும், அவர் இந்தப் பரம்பரைக்கே அந்நியமாகப் பேசுகிறார் என்று எனக்குக் கோபம் வருகிறது. சைவ நண்பர்கள் இதற்குள் குறுக்கே வந்திருப்பார்கள். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வைத்து முதல்வனை நிறுவத்தானே செய்தார் என்பார்கள். உண்மை. ‘சிவஞானபோத’த்தின் 12 சூத்திரங்களுக்கு ஒரு தனி வாரம் வேண்டும், அதை அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வாரத்துக்கு ‘ஸ்ரீபாஷ்யம்’ எழுதப்பட்ட கதை ஒன்று பாக்கி. குருபரம்பரையில் வழிவழியாகச் சொல்லிவருவது. உடையவர் என்று அழைக்கப்படும் ராமானுஜர் சொல்லச் சொல்ல, அவருடைய சீடர் கூரத்தாழ்வான் ஏட்டில் எழுதினார். ‘நான் சொல்வதில் உமக்கு உடன்பாடு இல்லாத இடத்தில் எழுதாமல் நிறுத்திவிடும்’ என்பது ஏற்பாடு. உயிரின் இயல்பைப் பற்றிச் சொல்ல வந்தபோது, அறியும் தன்மைதான் அதன் இயல்பு என்றார் உடையவர். ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்திவிட்டார். இறைவனுக்கு அடிமையாய் இருப்பதை விட்டுவிட்டு உயிரின் இயல்பை எப்படிச் சொல்வது என்பது அவர் எண்ணம். உடையவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘அப்படியானால் பாஷ்யத்தை நீரே எழுதிக்கொள்ளும்’ என்று எழுந்து போய்விட்டார். ஆழ்வான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, எழுதவும் இல்லை. தனியே உட்கார்ந்து யோசித்துப் பார்த்த உடையவர் திரும்பி வந்தார். அடிமைத்தன்மையையும் சேர்த்து மறுபடி சொன்னார். ஆழ்வானின் எழுத்தாணி ஏட்டில் ஓடத் தொடங்கியது.

(தொடரும்)