வீடு பார்க்குமுன் ஊரைப் பாருங்கள்

சென்ற கோடையில் நம் ஏட்டின் முகவரிக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் எண்ணச் செய்தது. குடியாத்தத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்தார். தமக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. மனைவியார் செவிலியர், அவர் வேலைக்குச் சேரவிருக்கும் மருத்துவமனை கண்டோன்மென்டை அடுத்துள்ளது. ஏழாம் வகுப்பிற்குச் செல்லும் மகளும் முதல் வகுப்பில் சேர வேண்டிய மகனும் உளர். எழுபதைக் கடந்த தாயாரும் உடன் வருகிறார். நகரின் கிழக்கு ஓரத்தில் மூன்று அறைகள் கொண்ட புதிய வீடு ஒன்றும், ஜோகுபாளையத்தில் இரண்டே அறைகள் கொண்ட பழைய வீடு ஒன்றும் பார்த்திருக்கின்றனர். வாடகை இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. "எதைக் கொள்வது, எதை விடுவது என்று கூறுங்கள்" என்பது அவர் வேண்டுகோள்.

மடலில் விடை எழுதும் செய்தியன்று இது. ஆதலின், "இரண்டு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு அம்மையாரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்" என்று எழுதினோம். வந்தனர். அந்த இரண்டு நாள்களில் கண்டவற்றை, இடம் பெயர எண்ணும் பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

ஜோகுபாளையம் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே, கேம்பிரிட்ஜ் லேஅவுட்டை ஒட்டிக் கிடப்பது. கன்னடத்தார் 'ஜோகுபாள்ய' என்பர். நம்மவர் வாயில் அது பாளையமாகவே நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் நகரின் விளிம்பு இது. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே படைக்குடியிருப்பை அமைத்தபோது, படையோடு வந்த தமிழ்க் குடும்பங்களும் படைக்குப் பொருள் விற்க வந்த குடும்பங்களும் அல்சூரைச் சூழக் குடியேறின. பின்னர் 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தபோது வேலூர், திருப்பத்தூர் வட்டாரங்களிலிருந்து வருவது எளிதாயிற்று. அதற்கும் முன்னரே தமிழ் இப்பகுதிக்குப் புதிதன்று. பக்கத்திலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் அவ்வூர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்கப்படுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெயர் அது! இப்பொழுது அத்தெருவில் ஆட்டோவுக்கு நிற்போருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

ஆனால் வரலாறு வாடகைக்கு வருபவருக்குத் தண்ணீர் தராது. முதல் நாள் காலை நாம் கேட்ட முதற்கேள்வி, "சம்ப்பில் நீர் எங்கிருந்து விழுகிறது?" என்பதே. வீட்டுத் தரகருக்கு இக்கேள்வி பிடிக்கவில்லை. சலவைக்கல் தரையையும் காற்றோட்டத்தையும் காட்டிக்கொண்டிருந்தார்.

நாம் இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாம் இந்நகருக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பார்த்து, மறுநாளே முன்பணம் கொடுத்து, புறநகரில் ஒரு வீட்டில் குடிபுகுந்தோம். பால்கனியிலிருந்து தென்னந்தோப்புத் தெரிந்தது. அது கண்டு மயங்கினோம். மாசித் திங்களில் ஆழ்குழாய்க் கிணறு வற்றியது. அதன்பின் ஐந்து திங்கள் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த பணத்தில் நகருக்குள்ளேயே நல்ல வீடு எடுத்திருக்கலாம். நம் இல்லாள் அந்தத் தென்னந்தோப்பை இன்றும் நினைவூட்டத் தவறுவதில்லை.

இந்நகருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்திற்கு இறைக்கப்பட்டு வருகிறது. பழைய பகுதிகளுக்கு அக்குழாய்கள் முன்னரே வந்துவிட்டன. 2007-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 ஊர்களோ பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பி வாழ்ந்தன. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரைத் தண்ணீர்ப் பஞ்சம் வாட்டியபோது மிகுதியும் துன்புற்றவர் அவ்வோரப் பகுதிகளில் இருந்தோரே. அவ்வாண்டு அக்டோபரில் காவிரியின் ஐந்தாம் கட்டத் திட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்னும் அளவில், அவ்வூர்களை நோக்கியே தொடங்கப்பெற்றது. எனினும் திட்டம் தொடங்கியது என்பதும் நீங்கள் பார்க்கும் வீட்டின் தொட்டியில் நீர் விழுகிறது என்பதும் ஒன்றல்ல. மாதக் குடிநீர் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதனினும் நன்று, அடுத்த வீட்டு அம்மையாரைக் கேட்பது. ஜோகுபாளையத்தில் நாம் கேட்டவர், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், வருகிற நேரத்தை மட்டும் கேட்காதீர்கள்" என்று சிரித்தார். புதிய வீட்டின் பக்கத்திலோ, கேட்பதற்கு முன்பே லாரி ஒன்று வந்து நின்றது.

அடுத்தது பயணம். அன்பர் தம் அலுவலகத்திற்குரிய தொலைவை மட்டும் அளந்து வைத்திருந்தார். மனைவியாரின் தொலைவை அளக்கவில்லை. இது நம்மவர் இல்லங்களில் வழக்கமான பிழை. புதிய வீட்டிலிருந்து அவர் பத்து நிமிடத்தில் வேலைக்குப் போகலாம். அம்மையாரோ இரவுப் பணி முடித்து நகரின் மறு முனையிலிருந்து தனியே திரும்ப வேண்டும். ஜோகுபாளையத்திலிருந்தால் அம்மையார்க்கு மருத்துவமனை அண்மை. அன்பர்க்கும் பெருந்தொல்லையில்லை, அல்சூர் மெட்ரோ நிலையம் நடைதூரம். 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளி வரை மட்டும் ஓடத் தொடங்கிய அந்த ஊதாத் தடம், 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக நீண்டது. வண்டி மாற வேண்டியதில்லை. ஆயின் கட்டணத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் அதன் உச்ச வரம்பு 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டது. பெண்கள் அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2023 ஜூனில் தொடங்கியது; அதற்குக் கருநாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதாரில் முகவரி மாற்றுவதை, 'பிறகு பார்ப்போம்' என்று ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கும் குடும்பங்கள் பல.

இரண்டாம் நாள்தான் உண்மையான சிக்கல் தோன்றியது. ஜோகுபாளைய வீட்டின் உரிமையாளர், "வாடகை எதற்கு? ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து மூன்றாண்டு போக்கியத்திற்கு எடுத்துக்கொள்ளுங்கள், போகும்போது முழுத் தொகையையும் திருப்பிப் பெறலாம்" என்றார். கேட்க இனிமையான பேச்சு! ஊரில் நிலம் விற்ற பணம் அன்பரிடம் இருந்தது. மகளின் மேற்படிப்பிற்கென வைத்த பணம் அது. மாத வாடகை மிச்சம் என்று அவர் முகம் மலர்ந்தது. அன்று மாலையே கொடுத்துவிடலாம் என்றுகூடச் சொன்னார்.

போக்கியம் இந்நகரின் பழைய வழக்கம். நேர்மையான உரிமையாளர் பலர் அம்முறையில் வீடு விடுகின்றனர். நாம் அதனைப் பழிக்கவில்லை. ஆனால் முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்பது தவறு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதினொரு திங்கள் ஒப்பந்தமென்று எங்கும் எழுதுவது அதனைத் தவிர்க்கவே. பதியாத தாளை நம்பிப் பெருந்தொகை கொடுத்த பின், வீடு வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருப்பது தெரியவந்தால் என் செய்வது? 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, கடன் தவறினால் வங்கி நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலே ஈட்டுச் சொத்தைக் கைக்கொள்ள நடவடிக்கை எடுக்கலாம். அப்போது வாசலில் அறிவிப்பு ஒட்டப்படும். பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்பது குடியிருப்பவர்.

ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றை முதலிற் பெறுக என்றோம். மூல ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்துப் பெறும் கடன் சில வேளைகளில் அச்சான்றில் காணப்படாது. எனவே மூலப் பத்திரத்தையும் கண்ணால் காட்டச் சொல்ல வேண்டும். உரிமையாளர், "பத்திரம் ஊரில் தம்பியிடம் இருக்கிறது" என்றார். ஒரு கிழமை பொறுத்தோம். பத்திரம் வரவில்லை. அதுவரை பேசாதிருந்த முதியவர், "பத்திரம் வராத வீட்டுக்குப் பணம் மட்டும் ஏன்டா அவசரமாகப் போகிறது?" என்று மகனைக் கேட்டார். அத்தோடு அவ்வீடு கைவிடப்பட்டது.

அன்பர் சோர்ந்துபோய், "அப்படியானால் புதிய வீட்டிற்கே போகிறோம்" என்றார். நாம் மறுக்கவில்லை, அவ்விடத்திலும் நன்மைகள் உண்டு. காற்று உண்டு, பிள்ளைகள் ஓடி விளையாட இடமுண்டு. ஜோகுபாளையத்தின் தெருக்கள் ஒடுங்கியவை. இரு சக்கர வண்டிகள் வாயிலை அடைத்து நிற்கும். வீட்டினுள் பகலிலும் விளக்கெரிய வேண்டியிருக்கும். இவற்றை மறைத்து நம்மவர் பலர் இருக்குமிடம் என்பதற்காக மட்டும் ஒரு பகுதியைப் போற்றுவது நேர்மையன்று. சில உரிமையாளர் வீட்டைக் காட்டுமுன் உணவையும் சாதியையும் கேட்பதுண்டு. நம்மவரும் அதற்கு விலக்கல்லர் என்பதை நாணத்தோடு எழுதுகிறோம்.

ஆனால் முதியவரின் நாளை எண்ணிப் பார்க்கச் சொன்னோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட, மொழி தெரியாத அடுக்கு வீட்டில் மாலை வரை அவர் யாரோடு பேசுவார்? அல்சூரில் கோயிலுண்டு, ஏரிக்கரையுண்டு, காய்கறிக்காரரோடு தமிழில் பேரம் பேசலாம். அவர் அதைக் கேட்டுத் தலையசைத்தாரேயன்றி, "எனக்காகப் பார்க்காதீர்கள்" என்றுதான் சொன்னார்.

மகளின் கவலை வேறு. "கன்னடம் படிக்க வேண்டுமா?" என்பது அவள் கேள்வி. வேண்டும். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி இம்மாநிலப் பள்ளிகளில் முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்பட வேண்டும். முதல் வகுப்பில் சேரும் தம்பிக்கு அது விளையாட்டு. ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தொடங்கும் அக்காவிற்கு அது மலை. ஆதலின் வீட்டிற்கு முன் பள்ளியை முடிவு செய்க. புதிதாய் வரும் பிள்ளைக்குத் தனியே கற்பிக்கும் ஆசிரியர் உண்டா என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். இங்குப் பல பள்ளிகள் மே இறுதியிலேயே திறந்துவிடுகின்றன என்பதையும் மறவாதீர். பொங்கலுக்கு ஊரில் போல் நாள்கணக்கில் விடுமுறையும் இராது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பூசலால் இந்நகரில் வன்முறை நிகழ்ந்தது. அதனால் தமிழர் நெருங்கி வாழும் தெருவே காப்பு என்று எண்ணுவோர் உளர். அவ்வச்சம் பொய்யென்று நாம் கூறோம். எனினும் 1991-இல் திரையிட்டு மூடிக் கிடந்த அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது இரு மாநில முதலமைச்சர்களும் ஒரே மேடையில் நின்றனர். சில நாள்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. தம்மவர் நடுவே வீடு எடுங்கள்; ஆனால் கன்னடம் கற்காமலே காலம் தள்ளலாம் என்பதற்காக எடுக்காதீர்கள்.

முடிவில் அக்குடும்பம் ஜோகுபாளையத்திலேயே, இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தது. பத்துத் திங்கள் முன்பணம் என்னும் பழைய வழக்கத்தைப் பேசி ஆறாகக் குறைத்தோம். காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பிடிக்கும் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்தோம். அறைகள் சிறியவை, ஊரிலிருந்து வந்த மர அலமாரி படியேறாமல் கீழேயே விற்கப்பட்டது. அம்மையாருக்கு அதில் வருத்தம். அவர் தாய்வீட்டுச் சீர் அது.

இரு திங்கள் கழித்து ஒரு காலை அவ்வழியே சென்றோம். கீழ்வீட்டுக் கன்னட அம்மையார் மாடியை நோக்கி, "நீரு பந்து, அஜ்ஜி!" என்று கூவினார். "பந்து, பந்து" என்று மறுமொழி சொல்லிக்கொண்டே முதியவர் குடத்தோடு இறங்கி வந்தார். மேலே மகள் சன்னலோரம் அமர்ந்து கன்னட எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தாள். பாட்டியின் உச்சரிப்பைத் திருத்த மட்டும் தலை நிமிர்ந்தாள்.