கேணி நாட்டில் ஓர் இரவு

வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்படுவது நம்மவர் வழக்கம். வீட்டையே உடன் கொண்டு புறப்படுவது மேல்நாட்டார் வழக்கம். மோட்டார் வண்டியொன்றின் உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மலசலகூடம் ஆகிய யாவற்றையும் அமைத்துக்கொண்டு, நத்தை தன் கூட்டைச் சுமந்து செல்வது போல அவர்கள் நாடெங்கும் உலா வருகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் டி சோட்டோ என்றொரு கடற்கரைப் பூங்கா உண்டு. 1898 ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கிய பீரங்கிக் கோட்டையொன்று அங்கே இன்றும் நிற்கின்றது. கோட்டையைக் காண வருவோரின் கூடாரங்களும் வீட்டு வண்டிகளும் இராத் தங்குவதற்கென இருநூறுக்கு மேற்பட்ட இடங்களை அளந்து ஒதுக்கியுள்ளனர். பகலிற் கோட்டை, மாலையிற் கடல், இரவில் வண்டிக்குள் உறக்கம். இச்செய்தியைப் படித்த எம் வீட்டுச் சிறுவர், "நமக்குங் கோட்டை உண்டு, கடலும் உண்டு, நாம் ஏன் போகக்கூடாது?" என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. படுக்கை பொருத்திய சிறு வண்டியொன்றை வாடகைக்குப் பெற்று, ஆடி மாதத்தில் மட்டக்களப்புக்குப் பயணமானோம்.

முதலிற் கோட்டையைக் கண்டோம். புளியந்தீவிலே, இரு புறம் வாவியும் இரு புறம் அகழியும் சூழ, நான்கு கொத்தளங்களுடன் அது நிற்கின்றது. 1602 ஆம் ஆண்டில் ஒல்லாந்துக் கப்பற்றலைவர் ஸ்பில்பேர்கன் இக்கரையில் வந்திறங்கினார். 1628 இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினர். பத்தாண்டுகள் கழிந்து, 1638 மே 18 ஆம் நாள், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் போன பின்பும் நெடுங்காலம் மாவட்டக் கச்சேரி அம்மதில்களுக்குள்ளேயே இயங்கியது. வந்தவர் தங்குவதும், தங்கியவர் தம் சுவட்டைக் கல்லிற் பதித்துச் செல்வதும் இக்கரைக்குப் புதிதன்று.

இது நிற்க. நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே நாற்பது கிலோமீற்றருக்கு மேற் சென்றால், வாழைச்சேனையைக் கடந்து மாங்கேணி வருகின்றது. ஒரு புறம் கடல். மறு புறம் பற்றைக் காடும் களப்பும். அயலூர்ப் பெயர்களைப் பாருங்கள்: காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. காயா, மா, பனிச்சை ஆகிய மூன்றும் மரங்கள், கேணியோ தண்ணீர். மரத்தின் பெயரும் நீரின் பெயரும் சேர்ந்தே இங்கு ஊரின் பெயராயிற்று. கரையோர வேடர் என்னும் பழங்குடியினர் தமிழ் பேசி வாழும் பகுதியும் இதுவே. காயான்கேணியின் பவளப் பாறைகள் 2019 ஆம் ஆண்டிலே கடற் சரணாலயமாகப் பிரகடனம் பெற்றன.

ஊரவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, தென்னைகளின் கீழே இறுகிய நிலத்தில் வண்டியை நிறுத்தினோம். (பொடி மணலில் இறக்கினால் சில்லு புதையும், இழுத்தெடுக்க உழவு இயந்திரம் தேடவேண்டும்.) பகலெல்லாம் சுழன்றடித்த கச்சான் காற்று அந்தியில் ஓய்ந்தது. சோறு பொங்கினோம், மீன் காய்ச்சினோம். சிறுவர் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

உண்டு முடித்துப் பாத்திரம் கழுவிய சவர்க்கார நீரை வண்டியின் அடித்தொட்டியிலிருந்து திறந்துவிட எம் மூத்த பையன் முனைந்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து ஒரு மூதாட்டி விரைந்து வந்தார். அயல்வீட்டுப் பிள்ளைகள் அவரைப் "பெத்தா" என்று அழைத்தனர்.

"மகன், அதை இஞ்ச ஊத்தாதீங்க."

"ஓரமாகத்தானே ஆச்சி ஊற்றுகிறோம்? மணல் உறிஞ்சிவிடும்," என்றோம் நாம்.

"மணல் உறிஞ்சித்து எங்க குடுக்கும்? எங்கட கிணத்துக்குத்தான் குடுக்கும்," என்றார் அவர்.

நாம் வாயடைத்து நின்றோம். விளக்கை எடுத்துக்கொண்டு அவருடைய கிணற்றை எட்டிப் பார்த்தோம். ஓர் ஆள் உயரங்கூட இல்லாத ஆழத்தில் நீர் மின்னியது. எம் வண்டிக்கும் அதற்கும் இடையே இருபது அடி இருக்கலாம்.

மாணவர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். கடலோர மணலின் கீழே நன்னீரும் உவர்நீரும் அடுக்காகக் கிடக்கின்றன. மழையால் ஊறிய நன்னீர் கனங்குறைந்ததாதலால் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறிவிடும். அதுமட்டுமன்று, மணல் நீரை விரைவில் உட்செலுத்துவதால், மேலே ஊற்றிய அழுக்கும் விரைவிலேயே கிணற்றை அடையும்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோது கிணறுகள் உப்பாயின. உப்பைப் போக்கவென்று இயந்திரங்களால் மிகுதியாக இறைத்த இடங்களில், கீழிருந்த உவர்நீர் மேலெழுந்து துன்பத்தை நீட்டித்தது. பருவ மழைகள் பெய்து பெய்தே நிலம் தன்னை மெல்ல மெல்லக் கழுவிக்கொண்டது. "ரெண்டு மாரி பாத்துக்கொண்டு இருந்தம் மகன், ஒரு வாய் நல்ல தண்ணிக்கு," என்றார் பெத்தா. அதன்பின் போரும் இப்பகுதியைத் தாக்கியது. 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் வாகரை மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டு வந்தனர். மீண்டு வந்தவர் முதலில் இறைத்துத் துப்புரவு செய்தது கிணற்றையே என்று அவர் சொன்னார்.

ஃபோர்ட் டி சோட்டோவில் நாம் கவனியாது விட்ட செய்தி ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே வண்டிகளின் கழிவுநீரைக் கொட்டுவதற்கெனத் தனியிடம் அமைத்திருக்கிறார்கள். நாம் படித்தது கோட்டையையும் கடலையும். படியாது விட்டது அந்தக் கழிவுத் தொட்டியை! வண்டியைக் கடன் வாங்கினோம். அதற்குரிய ஒழுங்கைக் கடன் வாங்க மறந்தோம்.

அடித்தொட்டியைத் திறவாமலே இறுக மூடினோம். மறுநாள் மட்டக்களப்பு நகரில் உறவினர் வீட்டு மலக்குழியில் அதனை வெறுமையாக்கினோம். செலவு யாதுமில்லை, சிரமமும் சிறிதே.

விடியலில் எம்மை எழுப்பியது அம்பாப் பாட்டு. தோணி அரைவட்டமாக வலையை வளைத்துவிட, கரையிலே இரு அணியினர் கயிற்றைப் பிடித்து, பாட்டின் தாளத்துக்கு அடி பெயர்த்து இழுத்துக்கொண்டிருந்தனர். கரைவலை இழுக்க நெடுந்தூர வெறுங்கரை வேண்டும். நாம் முதலில் விரும்பியது போல நீரோரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தால், அவர்கள் கயிறு செல்லும் வழியில் எமது "வீடு" நின்றிருக்கும். சிறுவரும் கயிற்றைப் பிடித்தனர். மடி கரையேறியபோது அவர்களுக்கும் ஒரு பங்கு மீன் கிடைத்தது.

இத்தகைய வண்டிகள் இனி நம் நாட்டிலும் பெருகும், பெருகுவதும் நன்றே. பிள்ளைகள் தம் நாட்டைக் காணட்டும். ஆயின் கடலோரம் வெறும் காட்சி நிலமன்று. அது ஒரு சாராரின் தொழிற்சாலை, மற்றொரு சாராரின் குடிநீர்த் தொட்டி. கேட்டுத் தங்குக, இறுகிய நிலத்தில் நிறுத்துக, கழிவைக் கட்டிக்கொண்டு செல்க, கிணற்று நீரை அளந்து அள்ளுக. இவ்வளவே வேண்டுவது.

நாம் புறப்படும்போது பெத்தா இரண்டு போத்தல்களில் தம் கிணற்று நீரை நிரப்பிப் பையனிடம் கொடுத்தார். வழியில் அவன் அதைக் குடித்துவிட்டு, "இனிப்பாக இருக்கிறது," என்றான். அந்த இனிப்புக்கு இரண்டு மாரி காத்திருந்தவர்களை அவன் இனி மறக்கமாட்டான் என நம்புகின்றோம்.